மீளும் சுளுக்கும் மாறா நோவும்

நெடுந்தீவுக்கு முதன்முறை செல்வோரின் கண்ணை ஈர்ப்பவற்றுள் அங்குள்ள கல்வேலிகள் தலையாயவை. சாந்து எதுவுமின்றிப் பவளக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய அவ்வேலிகள் வளவுகளையும் ஒழுங்கைகளையும் வகுத்து நிற்கின்றன. அவற்றுக்கு வேண்டிய கல்லைத் தேடி எவரும் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. காலடியிற் கிடந்ததையே பொறுக்கி அடுக்கினர். யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலாய இடங்களில் மண்படை பலவிடத்தும் மெல்லியது; அதனைக் கிழித்துக்கொண்டு கல் தலைநீட்டும். கல் இல்லாத கடற்கரை ஓரங்களில் மணல் காலைப் புதைக்கும்.

இந்நிலத்திலேதான் தீவகத்து மாணவர் ஓடப் பழகுகின்றனர். ஆண்டின் முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்குங்கால், மாரியில் மாடுகள் மிதித்த குளம்படிகள் வெயிலில் இறுகிக் குழிகளாய் நிற்கும் மைதானத்தில் மாலைதோறும் பயிற்சி நிகழும். வேகமாக ஓடிவரும் மாணவன் ஒருவனின் பாதம் உட்புறமாகப் பிறழ, அவன் விழுகின்றான். கணுக்கால் வீங்குகின்றது. “சுளுக்குத்தானே, நாலு நாளிற் சரிவரும்” என்கின்றனர் பெரியோர். அவர் சொன்னவாறே நாலைந்து நாளில் நோவு தணிகின்றது, அவனும் ஓடுகின்றான். அடுத்த ஆண்டு அதே கால் மீண்டும் பிறழ்கின்றது. அதற்கடுத்த ஆண்டு ஓடாமல் நடக்கும்போதே பிறழ்கின்றது. பின்னர் வீக்கமில்லாத நாளிலும் கணுவில் ஒரு நோவு நிலைத்துவிடுகின்றது. ஈற்றில், “எனக்கு ஓட்டம் சரிவராது” எனக் கூறி, பதினேழு பதினெட்டு வயதில் அவன் ஓட்டத்தைக் கைவிடுகின்றான்.

இது தனியொருவனின் கதையன்று. கற்களுள்ள ஊர்களில் மட்டும் நிகழ்வதுமன்று. புல் விரித்த மைதானங்களை உடைய நாடுகளிலும், முதன்முறை கணுக்காற் சுளுக்குற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு ஓராண்டின் பின்னும் கணுக்கால் உறுதியற்றிருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. நாலு நாளிற் சரிவரும் என எண்ணப்படும் ஒன்று ஓராண்டிலும் சரிவராமற்போவது எதனால்? நோயை இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் காட்டும் நெறி. அந்நெறி நின்றே இவ்வினாவும் ஈண்டு ஆராயப்படுகின்றது.

கணுக்காலின் அமைப்பு

முழங்காலின் கீழ்க் கணைக்காலில் இரு என்புகள் உள. உட்புறத்தே தடித்து நிற்பது கணைக்கால் உள்ளென்பு; வெளிப்புறத்தே மெலிந்து நிற்பது கணைக்கால் வெளியென்பு. கணுவின் இருபக்கத்தும் தோலின் கீழ்ப் புடைத்துத் தோன்றும் மொழிகள் இவ்விரு என்புகளின் கீழ்முனைகளேயாம். ஓர் இடுக்கியின் இரு தாடைகள் போல இவை தம்மிடையே ஒரு சிறிய என்பைப் பற்றி நிற்கின்றன. தாலசு எனப்படும் அவ்வென்பு குதியென்பின்மேல் அமர்ந்திருக்கின்றது. நிற்கும்போதும் நடக்கும்போதும் ஓடும்போதும் உடலின் பாரம் முழுவதும் இதனூடாகவே பாதத்துக்கு இறங்குகின்றது.

இவ்வமைப்பிற் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, வெளிமொழி உள்மொழியினும் தாழ இறங்கியுள்ளது. அதனாற் பாதம் வெளிப்புறமாகச் சாய்வதை என்பே தடுத்துவிடும். உட்புறமாகச் சாய்வதை அவ்வளவு தடுப்பதில்லை. இரண்டாவது, தாலசு முன்புறம் அகன்றும் பின்புறம் ஒடுங்கியும் உள்ளது. பாதம் தரையிற் செவ்வையாக ஊன்றியிருக்கும்போது அகன்ற பகுதி இடுக்கியில் இறுகும். விரல்கள் கீழ்நோக்கும்போது ஒடுங்கிய பகுதியே அங்கு வருவதால் மூட்டு நெகிழும். மூன்றாவது, என்பையும் என்பையும் பிணைக்கும் இணைநார்கள் உட்புறத்தே விசிறிபோல் விரிந்து தடித்துள்ளன. வெளிப்புறத்திலோ மூன்று தனித்தனிக் கீற்றுகளாக மெலிந்துள்ளன. அம்மூன்றனுள்ளும், வெளிமொழியிலிருந்து முன்னோக்கித் தாலசுக்குச் செல்லும் முன்னிணைநாரே மிக மெலிந்தது.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கினாற் சுளுக்கு எப்போது எவ்விடத்தில் நிகழும் என்பது தானே விளங்கும். ஓடுபவன் முன்னங்காலால் நிலத்தைத் தொடும் வேளையில், விரல் கீழ்நோக்கி மூட்டு நெகிழ்ந்திருக்க, பாதத்தின் ஓரம் ஒரு கல்லில் ஏறுமாயின், பாதம் உட்புறம் புரளும். ஓட்டத்திற் காலொன்று தாங்கும் விசை உடற்பாரத்தின் இரண்டு மூன்று மடங்காகும். அவ்விசை முழுவதும் அம்மெல்லிய முன்னிணைநாரின்மேல் விழுகின்றது. அது தாங்காதவிடத்து அதன் கீழே குதியென்புக்குச் செல்லும் இரண்டாம் நாரும் கிழியும்.

கணுவின் ஆற்றலுக்கும் இதே அமைப்பே காரணம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தை ஈட்டித் தந்தார். உயரம் பாய்பவர் ஓடிவந்த வேகம் முழுவதையும் மேல்நோக்கித் திருப்புவது ஒரே காலின் கணுவை ஊன்றியே. நெகிழவும் இறுகவும் வல்லதாக இருப்பதனாலேயே கணு இத்தகைய வினையை ஆற்றுகின்றது. அந்நெகிழ்ச்சியே அதன் இடுக்கணுமாகின்றது.

இவற்றைத் தமிழிற் கற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பை விளக்கும் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் அவரது நூல் 1872ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளின் முன்னரே என்பும் நாரும் தமிழில் எழுதப்பட்ட மண்ணில், சுளுக்கு மட்டும் ஆராயப்படாமற் போவது பொருந்தாது.

நோவு தணிதலும் நார் ஆறுதலும்

சுளுக்கு என்னும் சொல்லாற் பொதுமக்கள் பலவற்றைக் குறிப்பர். நரம்பு பிசகியது என்பர் சிலர். என்பு விலகியது என்பர் வேறு சிலர். கணுக்காற் சுளுக்கிற் பெரும்பாலும் நிகழ்வது இணைநார் கிழிதலே. அது மூவகைப்படும். நார் இழுபட்டு நுண்ணிழைகள் சில அறுதல் முதலாவது. ஒரு பகுதி கிழிதல் இரண்டாவது. முற்றாக அறுதல் மூன்றாவது. மூன்றிலும் வீக்கமும் நோவும் உண்டு. முற்றாக அறுந்தவன் சில வேளைகளிற் குறைவாக நோவதாகக் கூறுவதும் உண்டு; ஆதலின் நோவின் அளவைக்கொண்டு மட்டும் காயத்தின் அளவைத் துணிதல் இயலாது.

கிழிந்த நாரை உடல் மூன்று படிகளில் ஆற்றுகின்றது. முதற் சில நாட்களிற் குருதியும் நீரும் சேர்ந்து அழற்சி தோன்றும். வீக்கம், சூடு, நோவு ஆகியவை இதன் அடையாளங்கள். அதன்பின் சில வாரங்களிற் புதிய இழைகள் ஒழுங்கின்றிப் பின்னப்படும். ஈற்றில் அவ்விழைகள் இழுவிசையின் திசைக்கேற்ப ஒழுங்குபட்டு உறுதி பெறும். இம்மூன்றாம் படி பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரையும், நீளும். நோவோ முதலாம் படி முடியும்போதே பெரும்பாலும் தணிந்துவிடுகின்றது.

மாணவனும் பெற்றோரும் ஆசிரியரும் ஏமாறும் இடம் இதுவே. நோவு தணிந்தமையை அவர்கள் நார் ஆறியமையாகக் கொள்கின்றனர். நாலாம் நாளிலோ பத்தாம் நாளிலோ ஓடுபவன், பின்னி முடியாத கயிற்றிலே பாரத்தைத் தொங்கவிடுபவனை ஒக்கின்றான். அக்கயிறு இம்முறை அறாமல் நீளக்கூடும். நீண்டு ஆறிய நார் மூட்டை இறுகப் பற்றாது. அதனால் மூட்டு அளவுக்கு மேல் ஆடும். இஃது உறுதியின்மையின் ஒரு வகை.

கால் மறக்கும் அறிவு

ஆயினும் நார் நீளாதவர்க்கும் கணுக்கால் மீண்டும் மீண்டும் பிறழ்வதுண்டு. இப்புதிரை அவிழ்த்தவருள் இங்கிலாந்தைச் சேர்ந்த வைத்தியர் பிறீமன் குறிப்பிடத்தக்கவர். இணைநார்கள் வெறுங் கயிறுகளல்ல, மூட்டு எந்நிலையிலுள்ளது என்பதை உணர்த்தும் நரம்பு முனைகள் அவற்றினுள் உள. நார் கிழியுங்கால் அவையும் சிதைகின்றன என 1965ஆம் ஆண்டில் அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் எடுத்துக்காட்டினர்.

கண்ணை மூடிக்கொண்டும் ஒருவர் தம் கையை வாய்க்குக் கொண்டுசெல்ல முடிகின்றது. கை எங்குள்ளது என்பதைக் கண் காணாமலே உடல் அறிகின்றது. இவ்வறிவை நிலையுணர்வு எனலாம். ஓடுபவன் தன் பாதத்தைப் பார்த்து ஓடுவதில்லை; பாதம் நிலத்தைத் தொடுமுன்னரே அதனை எக்கோணத்தில் ஊன்றவேண்டும் என்பதை இந்நிலையுணர்வே தீர்மானிக்கின்றது. கணைக்காலின் வெளிப்புறத்தே ஓடும் தசைகள், பாதம் உட்புறம் புரளாதவாறு அதனை வெளிப்புறமாக இழுத்துப் பிடிப்பவை. நிலையுணர்வு கூர்மையாக உள்ளவிடத்து இத்தசைகள் காலூன்றுமுன்னரே ஆயத்தமாகிவிடும்.

கால் புரளத் தொடங்கியபின் தசை விழித்துக்கொள்வதாற் பயன் சிறிது. சுளுக்கு நிகழ்வது விநாடியின் பத்திலொரு பங்கு அளவான காலத்தில். நரம்பு செய்தியைக் கொண்டுசென்று தசை முழுவலிமையும் பெறுமுன் கேடு நிகழ்ந்து முடிந்துவிடும். ஆதலின் காப்பு முன்கூட்டியே அமைதல் வேண்டும். ஒருமுறை சுளுக்குற்ற காலிலோ அம்முன்னறிவு மழுங்கியுள்ளது. பாதம் சற்றே உட்சாய்ந்தபடி நிலத்தை நாடுகின்றது. தசைகள் பிந்தி எழுகின்றன. மட்டமான தரையிலும் சிறு மேடு போதுமாகின்றது. இரண்டாம் சுளுக்கு எஞ்சிய நரம்பு முனைகளையும் சிதைக்கின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் வட்டம் சுழல்கின்றது.

நார் நெகிழ்ந்தமையால் வரும் உறுதியின்மையும், உணர்வு மழுங்கியமையால் வரும் உறுதியின்மையும் தனித்தனியே நிகழலாம். ஒருவரிடத்தே இரண்டும் கூடியும் நிகழலாம். அமெரிக்க ஆய்வாளர் ஹேட்டல் 2002ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து விளக்கியபின், மருத்துவரின் நோக்கும் விரிந்தது. ஓய்வு நாரை ஆற்ற உதவும். மழுங்கிய உணர்வைக் கூர்மையாக்க ஓய்வு உதவாது. மறந்ததை மீளக் கற்பித்தாலன்றிக் கால் தானாக நினைவுகூர்வதில்லை.

நோவு நீடிப்பதேன்?

பிறழ்தல் வேறு, நீடித்த நோவு வேறு. சுளுக்கு நிகழ்ந்து ஆறு வாரங்களின் பின்னும் நோவு தொடருமாயின் அதற்குத் தனிக் காரணம் தேடல் வேண்டும். காரணங்கள் பலவாதலின், நோவும் இடத்தையே முதலிற் சுட்டு விரலாற் காட்டச் சொல்லுதல் நன்று.

வெளிமொழிக்கு முன்னே, குந்தியிருக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் நோவுமாயின், ஆறிய காயத்தின் தழும்புத் தசை மூட்டினுட் புகுந்து நெரிபடுதல் காரணமாகலாம். மூட்டின் ஆழத்தே விளக்க முடியாததொரு நோவு இருந்து, இடையிடையே மூட்டு பிடித்துக்கொள்வது போன்றோ உள்ளே ஏதோ தடக்குவது போன்றோ தோன்றுமாயின், தாலசின் மேற்பரப்பைப் போர்த்திருக்கும் கசியிழையமும் அதன் கீழுள்ள என்பும் சிதைந்திருக்கக்கூடும். பேண்ட், ஹாற்றி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1959ஆம் ஆண்டில் இச்சிதைவைப் படிநிலைகளாக வகுத்தனர். இது சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்திற் சிலவேளை புலப்படாது. காந்தப் பரிவுப் படமே காட்டும்.

வெளிமொழிக்குப் பின்னே நோவும் சொடுக்கும் இருப்பின், அங்கு வளைந்து செல்லும் தசைநாண் கிழிந்தோ தன் தடத்திலிருந்து வழுகியோ இருக்கலாம். கணுவுக்கு மேலே, இரு கணைக்கால் என்புகளுக்கும் இடையே நோவுமாயின், அவ்விரண்டையும் பிணைக்கும் நார் காயமுற்றதாகும். இவ்வகைச் சுளுக்கு ஆறுதற்கு மற்றவற்றினும் கூடிய காலம் வேண்டும். புறங்காலில் மரத்தலும் எரிவும் இருப்பின் நரம்பு இழுபட்டிருத்தல் கூடும்.

பாதத்தின் வெளியோரத்தின் நடுவே நோவுமாயின் சின்னவிரலின் அடியிலுள்ள நீளென்பு முறிந்திருக்கலாம். இதனை முதலில் விளக்கியவர் பிரித்தானிய அறுவை வைத்தியர் றொபேட் யோன்ஸ். அவர் நடனமாடும்போது தம் காலிலேயே இம்முறிவு நிகழ்ந்தது. சுளுக்கு எனத் தோன்றிய ஒன்று என்புமுறிவு என்பதை எக்ஸ்-கதிர்ப் படத்தாற் கண்டு, 1902ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார். தேர்ந்த வைத்தியரின் காலிலேயே சுளுக்கும் முறிவும் மயங்குமெனின், மைதானத்தில் நிற்போர் கண்ணாற் பார்த்தே துணிவது எங்ஙனம் பொருந்தும்?

இவற்றுள் எதுவும் இல்லாதவிடத்தும் நோவு நீடிப்பதுண்டு. சுளுக்கின் பின் குதிநாணும் கெண்டைத்தசையும் இறுகி, கணு முன்னோக்கி மடங்க மறுக்கும். மாணவன் அறியாமலே நொண்டி நடப்பான். பாரம் பிற இடங்களில் ஏறும். முழங்காலும் நாரியும் நோகத் தொடங்கும். ஆண்டுகள் பல கழிந்தபின் கசியிழையம் தேய்ந்து மூட்டுவாதம் தோன்றலும் கூடும். முழங்காலில் மூட்டுவாதம் பெரும்பாலும் முதுமையால் வருவது. கணுவிலோ பெரும்பாலும் பழைய காயத்தால் வருவது. பதினைந்து வயதிற் புறக்கணித்த கணு ஐம்பது வயதிற் கணக்குக் கேட்கும்.

மரபு வைத்தியமும் முதலுதவியும்

யாழ்ப்பாணத்தில் முறிவு நெரிவு வைத்தியம் பரம்பரையாகப் போற்றப்பட்டு வந்த கலை. என்பை நேராக்கி, மட்டை வைத்து, எண்ணெயிற் தோய்த்த துணியால் கட்டும் அவ்வைத்தியரின் கைத்திறனை எளிதாக எண்ணுதல் தகாது. காயமுற்ற மூட்டைக் கட்டித் தாங்குதல் இன்றைய மருத்துவமும் உடன்படும் நெறியே. ஆனால் வீக்கமுள்ள முதல் இரண்டு மூன்று நாட்களிற் கணுவை அழுத்தித் தடவுதலும், இழுத்துச் சொடுக்கெடுத்தலும் தீங்கு விளைப்பவை. அவை அறுந்த இழைகளை மேலும் அறுத்துக் குருதியைப் பெருக்கும். கால் முன்னாகப் பிறந்தவர் நீவினாற் சுளுக்கு அகலும் என்னும் நம்பிக்கையும் உண்டு. நீவினும் நீவாவிடினும் சில நாட்களில் நோவு தணியும் என்பதே அந்நம்பிக்கை நிலைத்தமைக்குக் காரணமாகலாம்.

மேனாட்டு முறையும் மாறாது நின்றதன்று. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் 1978ஆம் ஆண்டில் ஒரு சூத்திரமாக்கினார். உலகெங்கும் பரவிய அதனை 2014ஆம் ஆண்டில் அவரே மறுபரிசீலனை செய்து, பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதிக்கக்கூடும் என எழுதினார். குளிர் ஒத்தணம் நோவைத் தணிக்குமேயன்றி நாரைப் பின்னாது. இன்று வலியுறுத்தப்படுவன, கட்டினாலோ உறையாலோ கணுவைத் தாங்குதல், படுத்திருக்கும்போது காலை உயர்த்தி வைத்தல், என்பு முறியவில்லை எனத் தெளிந்தபின் நோவு பொறுக்கும் அளவுக்கு விரைவில் ஊன்றி நடத்தல் என்பனவாம்.

என்பு முறியவில்லை என்பதைத் தெளிவதெப்படி? நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணிநேரம். அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் செல்லல் வேண்டும். ஆதலின் தீவகத்தார்க்கு இவ்வினா கூடிய பொருளுடையது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டில் வகுத்த விதி இங்கு உதவும். கணுவில் நோவுள்ளவருக்கு எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டுமா என்பதை அது கைவிரலாலும் நாலு எட்டாலும் துணிகின்றது. வெளிமொழியின் அல்லது உள்மொழியின் முனையிலோ, அவற்றின் பின்னோரத்தில் ஆறு சென்ரிமீற்றர் உயரத்துக்குள்ளோ என்பை அழுத்த நோவுமாயினும், காயமுற்ற உடனும் பின்னர்ச் சோதிக்கும்போதும் நாலு எட்டு ஊன்றி நடக்க முடியாதாயினும் படம் எடுத்தல் வேண்டும். பாதத்தின் நடுவே நோவுடையவர்க்குச் சின்னவிரல் நீளென்பின் அடியும், உட்புறத்தே உள்மொழிக்கு முன்னுள்ள என்பும் இவ்வாறே அழுத்திப் பார்க்கப்படும். இவற்றுள் ஒன்றேனும் இருப்பின், “நாளைக்குப் பார்ப்போம்” எனத் தள்ளாது வைத்தியசாலை செல்லுதல் கடன். வளரும் பருவத்தினர்க்கு என்பின் முனையில் வளர்ச்சித்தட்டு உண்டாதலின் கூடிய கவனம் வேண்டும்.

காலுக்குக் கற்பித்தல்

இனி, மழுங்கிய நிலையுணர்வை மீட்பது எங்ஙனம் என்பதே எஞ்சியுள்ளது. இதற்கு வேண்டியது பெரும்பொருளன்று, ஒழுங்கான பயிற்சியே.

ஊன்றி நடக்க முடிந்தவுடன், காலைத் தொங்கவிட்டுப் பெருவிரலால் எழுத்துக்களை வரைந்து மூட்டின் அசைவை மீட்கலாம். அடுத்து, சுவரிற் கையூன்றி ஒரு காலைப் பின்வைத்துக் குதியை நிலத்திற் பதித்தபடி கெண்டைத்தசையை இழுத்துவிடல் வேண்டும். துவிச்சக்கரவண்டியின் பழைய ரியூப் ஒன்றை மேசைக்காலிற் கட்டிப் பாதத்தைச் சுற்றி, பாதத்தை வெளிப்புறமாக இழுத்துப் பழகுதல் வெளித்தசைகளை வலுப்படுத்தும். இரு காலாலும், பின்னர் ஒரு காலாலும் குதியை உயர்த்தித் தாழ்த்துதல் கெண்டையை உறுதியாக்கும்.

வலு மட்டும் போதாது, சமநிலையே தலையாயது. காயமுற்ற காலில் மட்டும் அரை நிமிடம் நிற்றல் முதற் பாடம். அது எளிதானபின் கண்ணை மூடி நிற்றல் வேண்டும். அப்போதே எவ்வளவு மறந்துள்ளது என்பதை மாணவன் தானே உணர்வான். நல்ல காலிற் சிலை போல் நிற்பவன் காயமுற்ற காலில் நாணல் போல் ஆடுவான். அடுத்து, ஒரு காலில் நின்றபடி தோழன் எறியும் பந்தைப் பிடித்தல். அதன்பின் மடித்த சாக்கிலோ கடற்கரை மணலிலோ நிற்றல். முதலில் இடராகத் தோன்றிய தீவகத்து மணல் இங்கு ஆசிரியனாகின்றது. ஈற்றில் ஒரு காலாற் குதித்து அசையாது நிற்றல், பக்கவாட்டிற் குதித்தல், எட்டு வடிவில் ஓடுதல் என்பன.

இவ்வெளிய பயிற்சியின் பயன் அளந்தறியப்பட்டுள்ளது. நெதர்லாந்தில், கணுக்காற் சுளுக்குற்ற 522 விளையாட்டு வீரரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு, மேற்பார்வையின்றித் தம் வீட்டிலேயே எட்டு வாரங்கள், வாரம் மூன்று முறை சமநிலைப் பயிற்சி செய்தனர். மற்றப் பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு நின்றனர். ஓராண்டினுள் மீண்டும் சுளுக்குற்றோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 22, மற்றதில் 33. வீட்டிலே தனியே செய்த பயிற்சி இவ்வளவு பயன் தந்தது என்பது, இயன்மருத்துவரைக் காண வாரந்தோறும் கடல் கடக்க வேண்டிய ஊர்களுக்கு நற்செய்தியாகும்.

மீண்டும் ஓடுவதற்குரிய நாளை நாட்காட்டி காட்டாது, காலே காட்டும். நோவின்றி விரைந்து நடத்தல், ஒரு காலிற் பலமுறை குதித்து மற்றக் காலுக்கு நிகராதல், நேர்கோட்டில் ஓடுதல், வளைவில் ஓடுதல், திடீரென நின்று திரும்புதல் என ஒவ்வொரு படியையும் கடந்தபின்னரே போட்டி. அதன்பின்னும் சில மாதங்கள் கணுவுறையோ ஒட்டுநாடாக் கட்டோ அணிதல், முன்பு சுளுக்குற்றோர்க்கு மீள்சுளுக்கைக் குறைக்கும்.

சப்பாத்து இல்லாமையே சுளுக்குக்குக் காரணம் என்பது முழுவுண்மையன்று. எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் மரதன் ஓட்டத்தை வென்றார். வெறுங்கால் நிலத்தை உணர்ந்து ஓடும் என்பதும் மெய்யே. ஆயினும் பழகிய கால் வேறு, காயமுற்ற கால் வேறு; தேய்ந்து ஒருபுறம் சாய்ந்த பழைய சப்பாத்து, வெறுங்காலினும் கேடானது.

மூன்று முதல் ஆறு மாதம் முறையாகப் பயின்றும் கணு பிறழ்தல் நில்லாதார் சிலர்க்கு அறுவை வைத்தியம் தேவைப்படும். சுவீடன் நாட்டு வைத்தியர் புறொஸ்ரம் 1960களில் வகுத்து, 1980ஆம் ஆண்டில் கூல்ட் என்பவர் திருத்திய முறையில் நீண்ட இணைநார் குறுக்கப்பட்டு மீளத் தைக்கப்படும். அதன் பின்னும் மேற்கூறிய பயிற்சிகளையே தொடக்கத்திலிருந்து செய்தல் வேண்டும். கத்தி நாரைக் குறுக்கும், அறிவை மீட்பதில்லை.

ஆசிரியர் கடன்

பாடசாலைகள் செய்யத்தக்கவை பெரும் செலவுடையனவல்ல. போட்டிக் காலத்துக்கு முன் மைதானத்தின் குளம்படிக் குழிகளை மண்ணிட்டு நிரப்பி, கற்களைப் பொறுக்கி அகற்றலாம். வேலி கட்டக் கல் பொறுக்கிய முன்னோரின் வழியினர்க்கு இஃது அரிதன்று. பயிற்சியின் தொடக்கத்தில் மாணவர் யாவரையும் ஒற்றைக்காலில் நிறுத்திப் பழக்க ஐந்து நிமிடம் போதும். யார் எந்நாளில் எக்காலிற் சுளுக்குற்றார் என்பதை ஒரு கொப்பியிற் பதிந்து வைத்தால், இரண்டாம் முறை விழுபவனை அடையாளங் காணலாம்.

இவற்றினும் மேலானது, இல்லத்தின் புள்ளிக்காக நோகும் காலோடு ஒருவனை ஓடவிடாமையாகும். கட்டிய காலோடு அஞ்சல் ஓட்டத்தை முடிப்பவனுக்குக் கைதட்டுவது எளிது. அடுத்த ஆண்டு அவன் ஓடுகளத்தின் வெளியே நின்று மற்றவர்க்குக் கைதட்டும்போது, அவனை அங்கு நிறுத்தியது எதுவென எவரும் எண்ணுவதில்லை. “எனக்கு ஓட்டம் சரிவராது” என்பவன் சோம்பனுமல்லன், வலுவற்றவனுமல்லன்; அவனுடைய கால் ஒரு பாடத்தை மறந்துள்ளது. மறந்த பாடத்தைப் பொறுமையுடன் மீளக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டோர் நிறைந்த இடம் பாடசாலை. அங்கு இப்பாடம் மட்டும் கற்பிக்கப்படாமல் விடுபடுதல் ஆகாது.